திட்ட வேண்டியது நோயாளியை இல்லை, செருப்பை

1/ போன வாரம் ஓபியில ஒரு அம்மா. 15 வருஷ சுகர். பெருவிரலுக்குக் கீழே ஆறாத புண். "எம்சிஆர் செருப்பு கொடுத்தோமே, எங்கம்மா?"ன்னேன். "பீரோவுல இருக்கு சார். அதைப் போட்டா என்ன வியாதின்னு எல்லாரும் கேக்குறாங்க." திட்ட வாயெடுத்தேன். ஆனா நியாயம் அவங்க பக்கம்.

2/ சுகர்லயும் தொழுநோயிலயும் பாதம் மரத்துப்போகும். உங்களுக்குக் கல் குத்தினா காலைத் தூக்கிடுவீங்க. அவங்களுக்கு ஆணி ஏறினாலும் தெரியாது. புண் எலும்பு வரைக்கும் போகும். முதல்ல விரல் போகும், அப்புறம் கால்.

3/ தொழுநோய் விரலை அழுக வைக்கிறதில்லை, வலி தெரியாம படுற காயம்தான் விரலைத் தின்னுதுன்னு காட்டினவர் டாக்டர் பால் பிராண்ட். 1940, 50களில், நம்ம வேலூர் சிஎம்சியில. மரத்த பாதத்துக்கான மெத்து ரப்பர் செருப்பு அந்த வழியில வந்ததுதான்.

4/ அதுக்குத் தேவை என்ன? உள்ளே அமுங்குற ரப்பர். கீழே முள் ஏறாத அடிப்பாகம். செருப்பு கழண்டாலும் தெரியாத காலுக்குப் பின்வார். வீக்கத்துக்கு ஏத்தபடி வெல்க்ரோ. ஆணி கூடாது. அசிங்கமா இருக்கணும்னு இதுல எங்கே இருக்கு?

5/ "காலா, அழகா, எது முக்கியம்?"னு கேப்பீங்க. பார்வை குறைஞ்சவங்களுக்குக் கண்ணாடிக் கடையில நூறு ஃப்ரேம் காட்டுறோம். அங்கே யாரும் இந்தக் கேள்வியைக் கேக்குறதில்லை. பீரோவுல இருக்குற செருப்பு எந்தக் காலையும் காப்பாத்தாது.

6/ எங்க தப்பும் இருக்கு. பல ஆஸ்பத்திரிகள்ல வார்டு வாசல்லயே "செருப்பைக் கழற்றவும்" போர்டு. தியேட்டருக்குச் சரி. மரத்த காலோட வர்றவங்களை ஓபியில ஏன் வெறுங்காலா நடக்க விடணும்?

7/ தொழுநோயிலிருந்து குணமானவங்களையும் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியல்ல சேர்த்திருக்கு. ஆனா அவங்க போடுற செருப்பே ஊருக்கு அடையாளம் காட்டிக்கொடுக்குது. வேலூர் பக்கத்துலயே ஆம்பூர், உலகத்துக்கே ஷூ தைச்சு அனுப்புற ஊர். இதே செருப்பை நாலு நிறத்துல, சாதாரணக் கடையில விக்கிற மாதிரி செய்ய முடியாதா? வலது காலுக்கு 7, இடதுக்கு 5னு கேட்டா கொடுக்க முடியாதா? ஒத்தைக் காலுக்கு ஒரு செருப்பு?

8/ முடியும். யாரும் கேக்கலை, அவ்வளவுதான். கேளுங்க.

9/ இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை. வீட்ல சுகர் இருக்கிறவங்க உள்ளங்காலைப் பாருங்க. அவங்க செருப்புக்குள்ள கையை விட்டுத் தடவுங்க. கல்லோ ஆணியோ இருந்தா உங்க கைக்குத் தெரியும். அவங்க காலுக்குத் தெரியாது.