படிப்பும் வேண்டும், ஊரும் வேண்டும்

கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாமா, அல்லது தன் புத்தகமே கதி என்று இருக்க வேண்டுமா? ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா வட்டாரங்களில் நம் மக்களிடையே அடிக்கடி எழும் கேள்வி இது.

"தம்பி, மொதல்ல நீ படிச்சுக் கரையேறு. அப்புறம் ஊரப் பார்க்கலாம்" என்கிறார்கள் பெற்றோர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் படிக்க வைத்தவர்களின் கவலை அது. கல்விக் கடன் வேறு பிள்ளையின் தலையில் நிற்கிறது. அந்தக் கவலையை நாம் குறை சொல்ல மாட்டோம்.

இன்றைய படிப்பும் ஒரே பாடமல்ல. டுரியான் துங்கல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தாலும், புக்கிட் பெருவாங் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் கணினி படித்தாலும், கணக்கு, ஆங்கிலம், பொதுப் பாடங்கள் என்று பலவற்றையும் தாண்டித்தான் ஆகவேண்டும். ஆனால் அந்தப் பொதுப் பாடத் திட்டத்திலேயே சமூக சேவைக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். சேவை படிப்புக்குப் பகையென்றால் அதை ஏன் பாடத்தில் சேர்க்க வேண்டும்?

நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 1982-இல் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் எம். தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழக மாணவர்களையே ஆசிரியர்களாக நிற்க வைத்து, ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் படிக்கத் தூண்டினார். பாடம் சொன்னவர்களும் அன்று மாணவர்களே. அவர்களுக்கும் தேர்வு இருந்தது.

இந்தியாவில் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கியது. அதன் கணக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம். வாரத்துக்கு வகுத்துப் பாருங்கள், இரண்டரை மணி நேரங்கூட வராது. ஒரு சினிமா பார்க்கிற நேரந்தான்!

அந்த இரண்டு மணி நேரம் நமக்கு ஏன் தேவை? ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும், மூன்றாம் படிவத்தின் பி.டி.3 தேர்வு 2022-இலும் நீக்கப்பட்டன. அதன் பிறகு, பிள்ளை பின்தங்கியது எஸ்.பி.எம். வந்தபோதுதான் பல வீடுகளில் தெரிந்தது. தமிழ்ப்பள்ளியை முடித்து மலாய்மொழி இடைநிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளை, கணக்கும் அறிவியலும் புரியாமல் பின்வரிசையில் மௌனமாய் உட்கார்ந்துவிடுகிறது. வெளியில் டியூஷன் வைக்க நம்மில் எத்தனை பேருக்கு வசதி? புரியும் மொழியில், கோபிக்காமல் சொல்லித் தர அந்தக் கல்லூரி அண்ணனையும் அக்காவையும் விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஆனால் ஒன்று. சேவை என்ற பெயரில் பிள்ளையைப் பிழிந்துவிடக் கூடாது. கூட்டத்துக்கு நாற்காலி தூக்குவதும், பிரமுகருக்கு மாலை பிடிப்பதும் சேவையல்ல. வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பாடம் என்பது போதும். இரண்டு மூன்று பேர் முறை வைத்துக்கொண்டால், ஒருவருக்குத் தேர்வு வரும்போது மற்றவர் பார்த்துக்கொள்ளலாம். பட்டையை ஆழமாய்க் கீறினால் பால் மரம் கெட்டுப் போகும் என்பது உங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் தேர்வில் தவறினால், "ஊர் வேலை பார்த்துக் கெட்டான்" என்று உங்களைக் காட்டியே அடுத்த பிள்ளையைத் தடுத்துவிடுவார்கள். ஆகவே உங்கள் பாடத்தைக் கைவிடாதீர்கள்.

பெற்றோர்களே, கோயில் தலைவர்களே! உங்கள் பங்கும் இருக்கிறது. கோயில் மண்டபத்தைத் திறந்து விளக்குப் போடுங்கள். வருகிற பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணியும் பெட்ரோல் காசும் கொடுங்கள். இருட்டுமுன் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். முக்கியமாக, உங்கள் பிள்ளைகளை நேரத்தோடு கொண்டுவந்து உட்கார வையுங்கள். சொல்லிக் கொடுக்க ஆள் வந்து காத்திருக்க, படிக்கப் பிள்ளை வராமல் போனால், அந்தக் குற்றம் நம்முடையதே.