விலை சொல்லாத விளம்பரத்தை நம்பாதீர்கள்

பிரிஞ்சாங் கடைத்தெருவில் நடக்கும்போது கண்ணாடிக் கதவுகளில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளை நின்று படிப்பது என் வழக்கம். வேலைக்கு ஆள் தேவை, அறை வாடகைக்கு உண்டு, பழைய மோட்டார் சைக்கிள் விற்பனைக்கு என்று பல இருக்கும். பெரும்பாலானவை மலாயிலோ சீனத்திலோ இருக்கும். தமிழில் ஒன்றைக் காண்பது அரிது. இன்னொன்றையும் கவனிக்கிறேன். சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று எழுதியிருக்கும் அறிவிப்புகள் குறைவு. "தொடர்புகொள்ளவும்" என்ற சொல்லும் கைபேசி எண்ணும் மட்டும்தான்.

இதில் என்ன இருக்கிறது என்று மாணவர்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது. விளம்பரம் என்பது எழுத்தில் கொடுக்கும் வாக்கு. யார் தருகிறார், எதைத் தருகிறார், என்ன விலைக்குத் தருகிறார், எங்கே தருகிறார் என்ற நான்கும் அதில் இருந்தால்தான் அது வாக்கு. இல்லாவிட்டால் அது தூண்டில். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, நம் முன்னோர் மலாயாவில் பட்ட பாட்டையே பாடமாக எடுத்துக்கொள்ளலாம். அதிலும் 1930ஆம் ஆண்டுகளின் பொருளாதார மந்தக் காலத்தைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது.

வாய்மொழி விளம்பரம்

நம்மவர்களை இந்த நாட்டுக்கு அழைத்து வந்தது பத்திரிகை விளம்பரம் அல்ல. தோட்டத்திலிருந்து உரிமம் பெற்றுத் தம் சொந்த ஊருக்குப் போன கங்காணிதான் அன்றைய நடமாடும் விளம்பரம். நல்ல உடை, கையில் காசு, வாய் நிறைய மலாயாப் பெருமை. ஆள் ஒன்றுக்கு அவருக்குத் தரகும் உண்டு. சட்டம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. உரிமம் இருந்தது, ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன, அங்கே சோதனையும் நடந்தது. ஆனால் ஊர் மரத்தடியில் கங்காணி சொன்ன சொல்லுக்குச் சாட்சி ஏது? எழுதாத வாக்கை எந்த அதிகாரியிடம் காட்டி நியாயம் கேட்பது?

தோட்டத்துக்கு வந்தபின் கடையிலும் இதே கதைதான். சுற்றிலும் காடு, பட்டணம் வெகு தொலைவு. பல தோட்டங்களில் கங்காணியே கடையும் வைத்திருந்தார். அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் பற்று எழுதி வாங்குவார்கள். சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பார்கள். எதிரே இன்னொரு கடை இருந்தால் இங்கே விலை அதிகம், அங்கே குறைவு என்று சொல்லலாம். ஒரே கடை இருக்கும் இடத்தில் விலைப்பட்டியலுக்கு என்ன வேலை? விளம்பரம் தேவைப்படாத வணிகம் பெரும்பாலும் வாங்குபவருக்கு நல்லதல்ல.

எண்ணிக்கையாகிப் போனவர்கள்

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அமெரிக்காவில் கார் விற்பனை படுத்தது. கார் விற்காவிட்டால் டயர் விற்காது. டயர் விற்காவிட்டால் மலாயா ரப்பரைக் கேட்பார் இல்லை. 1929-இல் ராத்தல் 30 காசுக்கு மேல் விற்ற ரப்பர், 1932-இல் 10 காசுக்கும் கீழே போனது. ஆண்களுக்கு நாளுக்கு 50 காசு, பெண்களுக்கு 40 காசு என்றிருந்த கூலியில் 1930-இல் ஐந்தில் ஒரு பங்கு வெட்டப்பட்டது. அதன் பிறகு இன்னும் இறங்கியது. அதே ஆண்டில் கங்காணிகள் ஆள் சேர்ப்பதும் நின்றது.

வேலை இல்லாதவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1931 கணக்கெடுப்பில் மலாயாவில் இந்தியர்கள் 6 லட்சத்துக்குச் சற்று அதிகம். 1930 முதல் 1932 வரையான மூன்று ஆண்டுகளில் திருப்பி அனுப்பப்பட்டவர்களோ ஒன்றரை லட்சத்துக்கும் மேல். எவ்வளவு பெரிய கூட்டம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதே ஆண்டுகளின் ஆங்கிலப் பத்திரிகைகளைப் புரட்டினால் மந்தத்தின் இன்னொரு முகம் தெரியும். வேலை தேடுவோர் பகுதி, வீடு வாடகைக்கு, கார் விற்பனைக்கு என்று சிறு விளம்பரங்கள் வரிசையாக இருக்கும். வேலை இழந்த எழுத்தர் தமக்குத் தெரிந்ததை நான்கு வரியில் எழுதி உலகுக்குச் சொல்ல முடிந்தது. தோட்டத் துரைமார்களும் அப்போது வேலை இழந்தார்கள். அவர்களுக்கும் அந்த நான்கு வரி இருந்தது. பால்மரம் வெட்டியவருக்கு அது இல்லை. விளம்பரம் கொடுக்கக் காசும் இல்லை, அந்த மொழியும் இல்லை. அதனால் துன்பம் என்னவோ எல்லாருக்கும் வந்தாலும், எழுத்தருடைய துன்பம் அவர் சொல்லாகவே பதிவானது. நம் பாட்டன் பாட்டியின் துன்பம் அரசாங்க அறிக்கையில் ஓர் எண்ணிக்கையாக மட்டும் பதிவானது. இதுதான் எனக்கு வலிக்கிற இடம்.

விளம்பரத்தைப் புரிந்துகொண்டவர்கள்

மந்தக் காலத்தில் எல்லாரும் ஓய்ந்து போகவில்லை. விளம்பரத்தின் வலிமை தெரிந்தவர்கள் அப்போதும் நின்றார்கள். டைகர் பாம் தைலத்தை விற்ற ஆவ் பூன் ஹாவைப் பாருங்கள். புலித்தலை வைத்த காரில் ஊர் சுற்றித் தைலத்தை விளம்பரம் செய்தவர் அவர். பிறர் பத்திரிகைக்கு விளம்பரக் காசு கொடுப்பதைவிட நாமே ஒரு பத்திரிகை வைத்துக்கொண்டால் என்ன என்று எண்ணி, 1929-இல் சிங்கப்பூரில் சின் சியூ ஜிட் போ நாளிதழைத் தொடங்கினார். தென்னிந்தியாவிலும் இப்படி ஒருவர் முன்னரே இருந்தார். 1893-இல் அமிர்தாஞ்சனத்தை உருவாக்கிய நாகேஸ்வர ராவ், 1908-இல் ஆந்திர பத்திரிகையைத் தொடங்கினார். 1928-இல் ஆனந்த விகடனை வாங்கிய எஸ்.எஸ்.வாசன், அதற்கு முன் விளம்பர முகவராகவும் தபால் வழிப் பொருள் விற்பவராகவும் இருந்தவர். தைலமும் தபால் வணிகமும் பத்திரிகைகளைத் தாங்கி நின்றன என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

நம் தமிழ்ப் பத்திரிகைகளும் இந்தக் காலத்தில்தான் வேரூன்றின. நரசிம்ம ஐயங்கார் 1924-இல் கோலாலம்பூரில் தமிழ் நேசனைத் தொடங்கினார். கோ.சாரங்கபாணி 1935-இல் சிங்கப்பூரில் தமிழ் முரசைத் தொடங்கியபோது அதன் விலை ஒரு காசு. கூலிக்காரர் கைக்கும் எட்டும் விலை அது. 1923 தொழிலாளர் சட்டப்படி பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும். அந்தப் பள்ளிகளில் எழுத்துக் கூட்டிப் படித்த தலைமுறையும் ஒரு காசுப் பத்திரிகையும் சந்தித்தபோதுதான் தோட்டத்துக்குள் வெளியுலகம் வந்தது.

தேயிலையும் ஒரு விளம்பரப் பிள்ளைதான்

நாம் வாழும் கேமரன் மலையே மந்தக் காலத்தில் பிறந்த ஊர் என்று சொல்லலாம். ஜே.ஏ.ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். ரப்பர் விழுந்துகொண்டிருந்த நேரத்தில் இங்கே காடு வெட்டித் தேயிலை நட்டார்கள். தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை 1930-31 வாக்கில் தயாரானது. சாலை வந்ததும் காய்கறித் தோட்டம் வந்தது, லாரி வந்தது, கடைத்தெரு வந்தது. விளைந்ததை வாங்க ஆளும் ஏற்றிப்போக வழியும் இருந்தால்தான் மலையூரில் வணிகம் உண்டு.

உலகச் சந்தையில் தேயிலையும் அப்போது தேங்கித்தான் கிடந்தது. 1933-இல் இந்தியா, இலங்கை, டச்சுக்காரர் வசமிருந்த தீவுகள் மூன்றும் ஏற்றுமதியைக் குறைத்துக்கொள்ள உடன்பட்டன. மிஞ்சிய தேயிலையை யார் தலையில் கட்டுவது? அதைப் பறித்த மக்களின் ஊரிலேயே விற்கலாம் என்று முடிவாயிற்று. இந்தியாவெங்கும் தேநீர்ப் பிரச்சாரம் நடந்தது. ரயில் நிலையங்களில் எனாமல் தகடுகள் மாட்டினார்கள். தேநீர் போடும் முறையை எழுதி வைத்தார்கள். இலவசமாகக் கோப்பையில் ஊற்றியும் கொடுத்தார்கள். நீராகாரமும் மோரும் குடித்த கிராமம் இப்படித்தான் டீக்கடைக்குப் பழகியது. இன்று தமிழனின் அடையாளம் என்று நாம் நினைக்கும் டீ, பெரிய அளவில் விற்காத சரக்குக்குச் செய்த விளம்பரத்தின் பயன். விளம்பரத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இன்றைய கங்காணி கைபேசியில் இருக்கிறார்

இப்போது உங்கள் காலத்துக்கு வருகிறேன். பத்திரிகை வரி விளம்பரம் சுருங்கிவிட்டது. அந்த இடத்தைப் புலனக் குழுக்களும் முகநூலும் பிடித்துக்கொண்டன. காசு செலவில்லை, ஒரு நொடியில் ஆயிரம் பேருக்குப் போகிறது என்று மகிழ்கிறோம். மகிழ்ச்சி நியாயம்தான். வீட்டில் முறுக்குச் சுடும் அம்மாவும், சிறு பாத்தியில் கீரை போடும் அண்ணனும் இன்று விளம்பரம் செய்ய முடிகிறது. 1930-இல் தோட்டத்து மக்களுக்குக் கிடைக்காத வசதி இது.

ஆனால் பழைய கங்காணியின் குரலும் அதே வழியாகத்தான் வருகிறது. "அதிகச் சம்பளம், அனுபவம் தேவையில்லை, தங்குமிடம் இலவசம், உடனே புறப்படலாம்." இப்படிப்பட்ட விளம்பரங்களை நம்பிப் போன மலேசிய இளைஞர்கள் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் அடைபட்டதையும், அவர்களில் பலரை அரசாங்கம் மீட்டு வந்ததையும் அண்மை ஆண்டுகளில் செய்திகளில் படித்தோம். படித்த பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். பாட்டன் கடல் கடந்தபோது அவருக்கு எழுத்துத் தெரியாது. எழுத்துத் தெரிந்த பேரன் ஏமாறுவது ஏன்? எழுத்தைப் படித்தவன் விளம்பரத்தைப் படிக்கக் கற்கவில்லை என்பதே என் பதில்.

சிலர் சொல்வார்கள், "எல்லாவற்றையும் எழுத முடியுமா, பேசித்தானே முடிவு செய்வார்கள்" என்று. பேரம் பேசுவது வேறு, மறைப்பது வேறு. காய்கறிக் கடையில் விலை அட்டை இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. ஒரு கிலோ தக்காளிக்கு விலை கேட்கிற நாம், நம் உழைப்புக்கும் வாழ்க்கைக்கும் விலை கேட்கத் தயங்கலாமா?

மாணவர்கள் செய்யக்கூடியவை

முதலாவது, எந்த வேலை விளம்பரம் வந்தாலும் யார், எது, எவ்வளவு, எங்கே என்ற நான்கு கேள்விகளைப் போடுங்கள். நிறுவனத்தின் பெயர் இருந்தால் அது பதிவு பெற்றதா என்று மலேசிய நிறுவன ஆணையத்தின் தளத்தில் பாருங்கள். வேலை தேட சொக்சோவின் மைபியூச்சர்ஜோப்ஸ் தளம் இருக்கிறது. வேலைக்கு முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் பறிபோய்விட்டால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணை அழையுங்கள்.

இரண்டாவது, நேர்மையான விளம்பரம் எழுதப் பழகுங்கள். தமிழாசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது: கடிதமும் கட்டுரையும் எழுத வைப்பதுபோல், இருபது சொல்லில் ஒரு வரி விளம்பரமும் எழுத வையுங்கள். பொருளின் குறையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். "சைக்கிள் விற்பனைக்கு, பின் சக்கரம் மாற்ற வேண்டும், விலை 80 வெள்ளி" என்று எழுதும் பிள்ளை, நாளை நம்பத்தக்க வணிகராக வருவான். அதையே மலாயிலும் எழுதிக் காட்டினால் மொழிப்பாடமும் ஆயிற்று.

மூன்றாவது, பழையதைத் தேடிப் படியுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய பத்திரிகைகளை மின்னுருவாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே உண்டு. தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு விளம்பரப் பக்கத்தைப் பாருங்கள். அன்று எதை விற்றார்கள், எதற்கு ஏங்கினார்கள் என்பதை அந்தச் சிறு எழுத்துகள் சொல்லும்.

நான்காவது, நம் ஊரை நாமே பதிவு செய்வோம். புலனத்தில் வந்த செய்தி நாளை அழிந்துவிடும். பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட் கடைகளின் பழைய ரசீதுகள், திறப்பு விழா அழைப்பிதழ்கள், விலைப்பட்டியல்கள், தாத்தாவின் சம்பளச் சீட்டு ஆகியவை இன்னும் சில வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றைப் படமெடுத்து, ஆண்டு குறித்து, பள்ளியில் ஒரு கோப்பில் சேர்த்து வைக்கலாம். பெரிய செலவில்லை.

மந்தம் மீண்டும் வராது என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. வந்தால், தன் திறமையைத் தன் பெயரோடும் விலையோடும் எழுதிச் சொல்லத் தெரிந்தவன் தாக்குப் பிடிப்பான். தன் கணக்கை இன்னொருவர் புத்தகத்தில் எழுத விட்டவன் மீண்டும் ஓர் எண்ணிக்கையாகிவிடுவான். நம் பிள்ளைகள் எண்ணிக்கையாக வேண்டாம். இன்றைக்கே ஒரு தாளை எடுத்து, உங்களால் செய்ய முடிந்த ஒரு வேலையை இருபது சொல்லில் எழுதிப் பாருங்கள். விலையை மறக்காமல் போடுங்கள்.