சென்னை ஸ்ட்ரீட் ரேஸ்: வளைவில் கார்கள் உரசுவது ஏன்?

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது. 3.5 கி.மீ. டிராக்கில் 19 வளைவுகள். இத்தனை எதுக்கு?

வேகத்தைக் குறைக்கத்தான். இருங்காட்டுக்கோட்டை போன்ற நிரந்தர டிராக்கில் கார் தடம் மாறினால் ஓரத்தில் காலி இடம் இருக்கும். நகரச் சாலையில் உடனே தடுப்புச்சுவர்தான். அதனால் நேர்ச் சாலையில் 'சிகேன்' எனும் இட-வல வளைவுகளை வைக்கிறார்கள்.

சிக்கலும் அங்கேதான். முன்னால் போறவர் பிரேக் பிடிக்கும்போது, பின்னால் வருபவர் சற்றுத் தாமதமாகப் பிடித்து உள்பக்கம் நுழைவார். வளைவிலோ ஒரு காருக்குத்தான் இடம். யாராவது விட்டுக்கொடுக்கணும், இல்லைன்னா மோதல்தான்.

வளைவை இறுக்கினால் வேகம் குறையும், உரசல் கூடும். அடுத்த முறை டிரைவரைத் திட்டும் முன், அந்த வளைவின் அகலத்தையும் பாருங்க.