கல்லாவில் உள்ளதெல்லாம் நமது பணமல்ல: வற் வரியும் கடை இருப்பும்

கடந்த 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், பெறுமதி சேர் வரிக்கான (வற்) பதிவு எல்லையை ஆண்டொன்றுக்கு 60 மில்லியன் ரூபாவிலிருந்து 36 மில்லியனாகக் குறைக்க முன்மொழியப்பட்டது. 36 மில்லியன் என்றதும் பெரிய கம்பனிகளின் விவகாரம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அதை 365 நாட்களால் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் ரூபா விற்பனை. கல்முனையிலோ காத்தான்குடியிலோ புறக்கோட்டையிலோ சுமாராக ஓடும் ஒரு புடவைக்கடை இந்த எல்லையைத் தொட்டுவிடும். இங்கு கணக்கில் எடுக்கப்படுவது இலாபமல்ல, வரிக்குட்பட்ட பொருட்களின் மொத்த விற்பனை.

2020 இல் இந்த எல்லை 300 மில்லியனாக இருந்தது. 2022 ஒக்டோபரில் 80 மில்லியனாகவும், 2024 ஜனவரியில் 60 மில்லியனாகவும் இறங்கியது. அதே காலத்தில் வரி வீதம் 8 இலிருந்து 18 சதவீதமாக ஏறியது. போகும் திசை தெளிவானது. ஆனால் நமது வியாபாரிகளில் பலர் இன்னும் கல்லாவை வைத்தே இலாபத்தை அளக்கின்றனர்.

ஓர் உதாரணம். வற் பதிவுள்ள கடைக்காரர் 1,000 ரூபாப் பொருளை 180 ரூபா வரியுடன் 1,180 இற்கு வாங்குகிறார். அதை 1,300 ரூபாவுக்கு விலையிட்டு, 234 ரூபா வரி சேர்த்து 1,534 இற்கு விற்கிறார். கையில் மிஞ்சுவது 354. ஆனால் அவரது இலாபம் 300 மாத்திரமே. மீதி 54 ரூபா இறைவரித் திணைக்களத்துக்கு உரியது. அவரிடம் அமானிதமாக இருப்பது. கணக்கியலில் அது வருமானமல்ல, பொறுப்பு.

இதே பொருளை முறையான வரிச் சிட்டை இல்லாமல் வாங்கியிருந்தால் 180 ரூபாவைக் கழிக்க முடியாது. 234 ரூபாவையும் முழுமையாகக் கட்ட வேண்டும். இலாபம் 120 ஆகச் சுருங்கிவிடும். "சிட்டை வேண்டாம், விலையைக் குறையுங்கள்" என்ற நமது பழைய பழக்கத்தின் விலை இதுதான்.

இரண்டாவது சிக்கல் இருப்பு. ஆண்டிறுதி இருப்பை அதிகமாகக் காட்டினால் இலாபமும் அதன் மீதான வருமான வரியும் கூடும். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 இன்படி, இருப்பைக் கிரயத்திலோ, செலவு போக விற்றுப் பெறக்கூடிய பெறுமதியிலோ, எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும். பெருநாளுக்கு 3,000 ரூபாவுக்கு வாங்கிய ஆடை மார்ச் 31 இல் 2,000 இற்குத்தான் போகுமென்றால், அதன் பெறுமதி 2,000. மீள அறவிடக்கூடிய வற் வரியையும் கிரயத்தில் சேர்க்கக் கூடாது. பதிவில்லாத கடைக்காரருக்கோ அந்த வரி கிரயத்தின் பகுதியே.

விலை ஏறும்போது முறையும் முக்கியம். 200 ரூபாவுக்கு 100, பின்னர் 250 ரூபாவுக்கு 100 என வாங்கி, 120 பொருட்களை விற்றால், முதலில் வந்ததே முதலில் போனது என்ற முறையில் எஞ்சிய இருப்பு 20,000 ரூபா. சராசரி முறையில் 18,000. இரண்டும் ஏற்கப்பட்டவை, ஆனால் ஆண்டுக்கொரு முறையாக மாற்ற முடியாது.

ஸகாத்துக்காக ஆண்டுதோறும் இருப்பு எண்ணும் வழக்கம் நம்மிடம் ஏற்கனவே உண்டு. அங்கு பெரும்பாலான உலமாக்கள் கூறுவது அன்றைய சந்தை விலை. வரிக் கணக்குக்கோ மேற்சொன்ன விதி. ஒரே எண்ணிக்கை, இரண்டு பெறுமதிகள். இரண்டையும் குழப்பாமல் எழுதிவைத்தால் போதும்.

வரி எல்லை நியாயமானதா என்ற விவாதம் அவசியமானதே. ஆனால் அது முடியும்வரை கணக்கேடு காத்திருக்க முடியாது. எல்லையைத் தாண்டியதை அறியாமலே வரி அறவிடாது விற்றவர், பின்னர் அதைத் தன் முதலிலிருந்துதான் கட்ட வேண்டிவரும். எமது வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல் சம்மேளனங்களும் ஊருக்கு ஒரு கணக்கியல் வகுப்பையாவது இப்போதே ஆரம்பிக்க வேண்டும்.