கீழாநெல்லி ஆய்வு: மறுபாதியையும் சொல்லுவோம்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரத்தடியில் தானாக முளைக்கும் கீழாநெல்லியை மஞ்சள் காமாலைக்கு அரைத்துக் கொடுப்பது நம்மவர் வழக்கம். மலாய்க்காரர்கள் இதனை 'டுக்கோங் அனாக்' என்பர். பிள்ளையைச் சுமத்தல் என்று பொருள். இலைக்கடியில் தொங்கும் காய்களைப் பார்த்தால் விளங்கும்!

காமாலைக் கிருமிகளுள் ஒன்றான ஹெபடைடிஸ் பி குறித்து, சென்னைப் பேராசிரியர் தியாகராஜன் குழுவினர் 1988இல் 'லான்செட்' இதழில் எழுதினர். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் குருதியில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. இதனைப் பெருமையுடன் பேசுவோர், 1990இல் அதே இதழில் வெளிவந்த தாய்லாந்து ஆய்வில் அப்பயன் கிட்டவில்லை என்பதை ஏன் சொல்வதில்லை? மாணவரிடம் இரண்டையும் சொல்ல வேண்டும் என்பேன். காமாலைக்குக் காரணங்கள் பல. கண் மஞ்சளானவரை முதலில் குருதிச் சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள், அன்பர்களே.