உழாதவனுக்கு உழவர் மானியம்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது பழமொழி. சரி, உழாதவன் கணக்குப் பார்த்தால்? விடை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வார்ட்டன் கவுண்டியில் இருக்கிறது.

அது நெல் விளைந்த பூமி. அங்கே எல் காம்போ என்ற ஊரைச் சுற்றியிருந்த பழைய வயல்கள் சில மனைகளாக விற்கப்பட்டன. வாங்கியவர்கள் வீடு கட்டிக் குடியேறினார்கள். மிச்ச இடத்தில் புல் வளர்ந்தது. நெல்லே போடாத அவர்களுக்கும் அரசாங்கத்தின் நெல் மானியம் வந்துகொண்டிருந்தது! 2006ல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2000 முதல் அதுவரை, விவசாயமே செய்யாதவர்களுக்கு நாடு முழுக்கப் போன பணம் குறைந்தது 130 கோடி டாலர் என்று அது கணக்கிட்டது.

இதில் திருட்டு எதுவும் இல்லை. எல்லாம் சட்டப்படிதான். அதுதான் கொடுமை.

1996ல் வந்த சட்டம் விவசாயிகளை மானியத்திலிருந்து மெல்ல விடுவிக்கப் போவதாகச் சொன்னது. அதற்காக ஏழு வருடத்துக்கு மட்டும் ஒரு தொகை. நிலத்தில் முன்பு என்ன விளைந்தது என்பதுதான் அளவுகோல். இப்போது என்ன விளைகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஏழு வருடம் முடிவதற்குள் 2002ல் இன்னொரு சட்டம் வந்து, தற்காலிகத்தை நிரந்தரமாக்கிவிட்டது. நெல்லுக்கு 100 பவுண்டுக்கு 2.35 டாலர், பதிவான பரப்பில் 85 சதவீதத்துக்குக் கிடைக்கும். ஏக்கருக்கு 5,000 பவுண்டு விளைச்சல் என்று பழைய பதிவேட்டில் இருந்தால், சும்மா கிடக்கும் ஏக்கருக்கு ஏறக்குறைய 100 டாலர். அதே நிலத்தில் காய்கறி போட்டால்? பொதுவாகப் பணம் நின்றுவிடும்!

பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். விளைச்சலோடு மானியத்தை முடிச்சுப் போட்டால் தேவைக்கு மேல் விளைந்து சந்தை கெடும், அதனால் இரண்டையும் பிரிப்பதே சரி என்பார்கள். பாதி உண்மை. ஆனால் பயிரிலிருந்து பிரித்த பணம் நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. நிலத்தின் விலையும் குத்தகையும் ஏறின. டெக்சாஸில் நில உரிமையாளர்கள் சிலர் குத்தகைக்காரரை வெளியேற்றிவிட்டு மானியத்தைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். வியர்வை ஒருவனுடையது, காசோலை இன்னொருவனுடையது.

செத்தவர்களையும் மானியம் விட்டுவைக்கவில்லை. 1999 முதல் 2005 வரை இறந்தவர்கள் பெயரில் 110 கோடி டாலர் போயிருப்பதாக அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே 2007ல் சொன்னது. அதில் ஒரு பகுதி முறையானதாக இருக்கலாம். ஆனால் எது முறை, எது முறைகேடு என்று வேளாண் துறை ஒழுங்காகச் சரிபார்க்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

2014ல் இந்த நேரடித் தொகை நிறுத்தப்பட்டது. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. விலை அல்லது வருமானம் குறைந்தால் தரும் புதிய மானியமும் பழைய பரப்புப் பதிவேட்டைப் பார்த்துத்தான் தரப்படுகிறது. 2025ல் வந்த சட்டம் நெல்லுக்கான ஆதார அளவை 100 பவுண்டுக்கு 14 டாலரிலிருந்து 16.90 டாலராக உயர்த்தியது. ஒருவர் வாங்கக்கூடிய உச்சவரம்பும் 1,25,000 டாலரிலிருந்து 1,55,000 ஆனது. சிறு விவசாயிக்கு அந்த உச்சவரம்பு எட்டாத உயரம். அதை உயர்த்தினால் லாபம் யாருக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

விவசாயிக்கு உதவி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மழை பொய்க்கும், விலை சரியும். அந்த நட்டத்தைச் சுமப்பவனுக்கு அரசு தோள் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் இந்த வருடம் விதைத்தவன் யார் என்று கேட்டுவிட்டுக் கொடுக்கட்டும். பட்டா விதைப்பதில்லை, பதிவேடு அறுப்பதில்லை. விவசாயியின் பெயரைச் சொல்லி வரி கட்டுபவரிடம் வாங்கிய காசு விவசாயியைத் தாண்டிப் போகிறதென்றால், அதற்குப் பெயர் மானியம் இல்லை, நில உரிமையாளருக்கு அரசு கட்டும் வாடகை.