வருகிறவர் களைத்திருப்பார்



சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகும் விமானங்களில் பல, நள்ளிரவை ஒட்டித்தான் கிளம்புகின்றன. பறப்பது நாலு மணி நேரம். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அரைத் தூக்கத்தில் இறங்கும்போது விடிந்திருக்கும். இமிகிரேஷன் வரிசை, பெட்டி, டாக்சி எல்லாம் முடிந்து ஹோட்டல் வாசலுக்கு வரும்போது மணி எட்டு. அறை கொடுப்பதோ பிற்பகல் இரண்டு மணிக்கு. பல இடங்களில் மூன்று மணிக்கு. நடுவில் இருக்கும் இந்த ஆறேழு மணி நேரத்தில் நம்மை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்தாலே அந்த ஹோட்டலைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

பளிங்குத் தரையும் சரவிளக்கும் உள்ள லாபிகளில், பெட்டிக்கு ஒரு சீட்டைக் கட்டி வாங்கி வைத்துவிட்டு, "இரண்டு மணிக்கு வாருங்கள்" என்று முகத்தைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். விதிப்படி அதில் குறையொன்றும் இல்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு நடுத்தர ஹோட்டலில் வேறு மாதிரி நடந்தது. ரிசப்ஷனில் இருந்த தமிழ்ப் பெண் என் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன் முகத்தைப் பார்த்தார். "ராத்திரி ஃப்ளைட்டா அக்கா? மேல ஜிம் பக்கத்துல பாத்ரூம் இருக்கு, குளிச்சிட்டு வாங்க. ரூம் ரெடியானதும் நான் கூப்புடுறேன்" என்று ஒரு துண்டை எடுத்து நீட்டினார். ஹோட்டலுக்கு ஆன செலவு அந்தத் துண்டைத் துவைக்கும் செலவுதான். எனக்கு அன்றைய பகல் முழுவதும் உருப்படியாகக் கிடைத்தது.

இந்த இதழ் பயணச் சிறப்பிதழ். கோயில், மலை, கடற்கரை என்று நல்ல கட்டுரைகள் வந்திருக்கின்றன, படித்துப் பாருங்கள். எனக்கு வாய்த்த பயணங்கள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. புத்தகக் கண்காட்சி, கருத்தரங்கு, பதிப்பாளர் கூட்டம் என்று வேலை நிமித்தமாகவே ஆசிய நகரங்களுக்குப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். ஊரைச் சுற்றிப் பார்க்க நேரம் கிடைப்பது அபூர்வம். அந்த ஊர்களில் நான் நெருங்கிப் பார்த்தது ஹோட்டல் அறைகளைத்தான். நாம் போய்ச் சேருவதற்கு முன்பே நம்மை யாரோ ஒருவர் மனதில் ஓட்டிப் பார்த்திருக்கும் இடத்தையே நல்ல ஹோட்டல் என்பேன். நட்சத்திரங்களின் எண்ணிக்கைக்கும் இதற்கும் அதிகம் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

டோக்கியோவில் அலுவலாக வருகிறவர்களுக்கென்றே 'பிசினஸ் ஹோட்டல்' என்று ஒரு வகை உண்டு. அறை 12 சதுர மீட்டர், அதாவது 130 சதுர அடி இருந்தால் பெரிய விஷயம். பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடமிருக்காது. முதல் பார்வைக்கு மூச்சு முட்டும். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால், அந்தச் சின்ன இடத்துக்குள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது ஒவ்வொன்றாகப் புலப்படும். படுத்தபடியே எட்டுகிற தூரத்தில் எல்லா விளக்குகளுக்கும் ஸ்விட்ச். கட்டில்மேல் மடித்து வைத்த இரவு உடை. குளித்து முடித்ததும் கண்ணாடி முழுவதும் ஆவி படிந்திருக்க, முகம் தெரியும் உயரத்தில் மட்டும் ஒரு சதுரம் தெளிவாக இருக்கும். அந்த இடத்துக்குப் பின்னால் சூடேற்றும் தகடு வைத்திருக்கிறார்கள். முகம் கழுவும் தொட்டிக்கும் குளியல் தொட்டிக்கும் ஒரே குழாய். வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

அந்தக் குளியலறைக்கே ஒரு கதை இருக்கிறது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை முன்னிட்டு நியூ ஓட்டானி என்ற ஹோட்டலைக் கட்டினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள். கையில் இருந்த காலமோ சுமார் 17 மாதம். ஒவ்வொரு குளியலறையிலும் குழாய் பதித்து, ஓடு ஒட்டி, காயவிட்டு முடிப்பதென்றால் ஒலிம்பிக்கே முடிந்துவிடும். குளியலறைச் சாமான்கள் செய்யும் டோட்டோ நிறுவனம், குளியலறையைத் தொழிற்சாலையிலேயே பகுதி பகுதியாகத் தயாரித்துக் கொண்டுவந்து பொருத்திக் கொடுத்தது. அந்த ஏற்பாடுதான் பிறகு ஜப்பானின் சாதாரண ஹோட்டல்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பரவியது. குளியலறைக்குள் போக ஒரு படி ஏற வேண்டியிருப்பதும் அதனால்தான். தயாராக வந்த அறையின் தரைக்கு அடியில் குழாய்கள் போகின்றன.

அந்த பிசினஸ் ஹோட்டல் அறைகளில் இன்னொன்றும் உண்டு. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு டார்ச் விளக்கு மாட்டியிருக்கும். ஸ்விட்ச் கிடையாது. தாங்கியிலிருந்து பிடுங்கினால் தானே எரியும். நிலநடுக்கத்தில் மின்சாரம் போய், பயத்தில் கை நடுங்கும்போது ஸ்விட்சைத் தேட வைக்கக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள். இப்படி யோசிக்காத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கும் டோக்கியோவிலேயே உதாரணம் இருக்கிறது. 1982 பிப்ரவரியில் ஹோட்டல் நியூ ஜப்பான் என்ற கட்டடம் தீப்பிடித்து 33 பேர் இறந்தார்கள். தீயணைக்கும் தண்ணீர்த் தெளிப்பான்களைப் பெரும்பாலான பகுதிகளில் பொருத்தாமலே விட்டிருந்தார்கள். உரிமையாளருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. எந்த ஊரில் தங்கினாலும், பெட்டியைத் திறப்பதற்கு முன் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் பார்த்து, அவசர வழிக்கு எத்தனை கதவு தள்ளிப் போக வேண்டும் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். புகை சூழ்ந்த நடைபாதையில் கண்ணுக்கு வேலையில்லை. கையால் தடவிக் கதவுகளை எண்ணித்தான் போக முடியும்.

தனியாகப் பயணம் போகும் பெண்கள் வேறு சிலவற்றையும் கவனிப்பார்கள். சாவியைக் கொடுக்கும்போது அறை எண்ணைச் சத்தமாகச் சொல்கிறார்களா? பின்னால் வரிசையில் நிற்கிற முன்பின் தெரியாதவருக்கும் அது கேட்கும். விவரம் தெரிந்த ரிசப்ஷனிஸ்ட் எண்ணைச் சொல்லவே மாட்டார். சாவி அட்டையின் உறையில் எழுதி, விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, "இதுதான் மேடம்" என்பார். சிங்கப்பூரிலும் தைபேயிலும் இதைப் பழக்கமாகவே வைத்திருப்பவர்களைப் பார்த்தேன். நம் நாட்டின் பெருநகரம் ஒன்றில், முன்பணம் கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, இரவு பத்து மணிக்கு "கூட யார் வர்றாங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியபடி நின்றிருக்கிறேன். யாரும் வரவில்லை என்றதும் மேனேஜரைக் கூப்பிட்டார்கள். ஒரு பெண் வேலையாக ஊருக்கு வருவாள், தனியாக வருவாள், அவளுக்கு ஒரு கட்டிலும் ஒரு தாழ்ப்பாளும் வேண்டும் என்பதை இன்னும் நினைத்துப் பார்க்காத லாட்ஜுகள் நம்மிடம் இருப்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. நம் மகள்கள் தேர்வெழுதவும் நேர்காணலுக்கும் ஊர் ஊராகப் போகிற காலம் இது.

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அறையின் கூரையிலோ மேசை இழுப்பறைக்குள்ளோ சின்ன அம்புக்குறி ஒன்று ஒட்டியிருக்கும். தொழுகைக்கான கிப்லா திசை அது. தொழாதவருக்கு அது கண்ணில்கூடப் படாது. தொழுகிறவர் புது ஊரில் யாரையும் கேட்டு அலைய வேண்டாம். வாசலில் டுரியான் பழம் கொண்டுவரக் கூடாது என்று படம் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். டுரியான் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த வாசனை திரைச்சீலையில் ஏறினால் நாளைக்கு அதே அறைக்கு வருகிறவர் என்ன செய்வார்? அந்தப் பலகை அவருக்காகப் பேசுகிறது.

ஹாங்காங்கில் நேதன் ரோட்டில் சுங்கிங் மேன்ஷன்ஸ் என்று 17 மாடிக் கட்டடம். 1961ல் கட்டியது. சில நிமிட நடையில் 1928ல் திறந்த பெனின்சுலா ஹோட்டல் இருக்கிறது. 1941 கிறிஸ்துமஸ் அன்று பிரிட்டிஷ் ஆளுநர் ஜப்பானியப் படையிடம் சரணடைந்தது அங்கேதான். பெனின்சுலாவில் நான் தங்கியதில்லை. தேநீர் குடித்திருக்கிறேன், நன்றாக இருந்தது. தங்கியது சுங்கிங் மேன்ஷன்ஸில். கீழே பணம் மாற்றுகிறவர்கள், கறிக் கடைகள், செல்போன் மொத்த வியாபாரம். மேலே மாடிக்கு மாடி விருந்தினர் இல்லங்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் தெற்காசியாவிலிருந்தும் சரக்கு வாங்க வருகிறவர்கள் நிறைந்திருப்பார்கள். நகராத வரிசையில் நின்றுதான் லிஃப்டில் ஏற வேண்டும். ஒற்றைப்படை மாடிக்கு ஒன்று, இரட்டைப்படை மாடிக்கு ஒன்று. என் அறையில் கட்டிலைத் தவிர நிற்கத்தான் இடம். ஆனால் வீட்டுக்கார அம்மா கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தார். அது நிறைய பிளக் அடாப்டர்கள். அங்கே நம் ஊர் பிளக் சேராது; சதுரக் கால் மூன்றுள்ள பிளக் வேண்டும். அவரவர் விட்டுவிட்டுப் போனதையெல்லாம் சேர்த்து வைத்து, புதிதாக வருகிறவர் வாய் திறந்து கேட்பதற்குள் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார். என் கணக்கில் அவர் நடத்தியது நல்ல ஹோட்டல்.

காலை உணவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. பெரிய ஹோட்டல்களின் பஃபே மேசையில் எந்த ஊரென்று தெரியாத அதே சாசேஜ், அதே கார்ன்ஃபிளேக்ஸ், அதே பழச்சாறு இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கொழும்பில் இறங்கினால் இடியாப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வேண்டும். கோலாலம்பூரில் நெத்திலிக் கருவாடும் வேர்க்கடலையும் சுற்றிலும் வைத்த நாசி லெமாக் சோறு, டோக்கியோவில் சுட்ட மீனும் மீசோ சூப்பும், ஹனோயில் ஆவி பறக்கும் ஃபோ நூடுல்ஸ் சூப். சைவம் சாப்பிடுகிறவர்கள் மீன் குழம்பு எது, மீன் தூள் போட்டது எது என்று தவிப்பார்கள். அதற்கும் ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் ஒழுங்காக ஓர் அட்டை எழுதி வைத்தால் போதும்.

ஹனோய் என்றதும் மெட்ரோபோல் ஹோட்டல் நினைவுக்கு வருகிறது. 1901ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது. 1972 டிசம்பரில் அமெரிக்க விமானங்கள் அந்த நகரத்தின்மேல் குண்டு போட்டபோது, ஹோட்டலின் அடியில் இருந்த பதுங்குகுழியில்தான் விருந்தினர்கள் இரவுகளைக் கழித்தார்கள். அமெரிக்கப் பாடகி ஜோன் பேஸும் அவர்களில் ஒருவர். போர் முடிந்ததும் அதை மூடிவிட்டார்கள். 2011ல் மதுக்கூடத்தைப் புதுப்பிக்கத் தோண்டியபோது மறுபடி வெளிப்பட்டது. இப்போது உள்ளே அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். தலையை இடிக்கும் தாழ்ந்த கான்கிரீட் கூரை. விருந்தாளி என்று வந்தவரைக் குண்டிலிருந்தும் காப்பாற்றியாக வேண்டும் என்று அந்த ஹோட்டல் எடுத்துக்கொண்ட பொறுப்பு அங்கே நின்றால் புரியும்.

மும்பை தாஜ் ஹோட்டலைப் பயங்கரவாதிகள் தாக்கித் தீவைத்த 2008 நவம்பர் 26 அன்று இரவு அதே பொறுப்பைத் தூக்கிச் சுமந்தவர்கள் சமையல்காரர்களும் பரிமாறுகிறவர்களும் டெலிபோன் ஆபரேட்டர்களும்தான். பின்வாசல்கள் எங்கே இருக்கின்றன என்று அவர்களுக்குத் தெரியும். தாங்கள் மட்டும் தப்பியிருக்கலாம். விருந்தினர்களை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நின்றார்கள். சிலர் உயிரோடு திரும்பவில்லை. மனைவியையும் இரண்டு மகன்களையும் அந்தத் தீயில் பறிகொடுத்த பொது மேலாளர் கரம்பிர் சிங் காங், அதற்குப் பிறகும் வேலையை விட்டு நகராமல் மற்றவர்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார்.

அவ்வளவு பெரிய சோதனை எல்லா ஹோட்டலுக்கும் வருவதில்லை. ஆனால் தினமும் காலை பத்து மணிக்கு நடைபாதையில் தள்ளுவண்டியோடு வருகிறவரை எல்லா ஹோட்டலிலும் பார்க்கலாம். ஒருமுறை கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது கவனித்தேன். நேபாளத்துப் பெண். கனத்த மெத்தையின் மூலையை ஒரு கையால் தூக்கி, முழங்காலால் தாங்கிக்கொண்டு, மறு கையால் பெட்ஷீட்டை உள்ளே சொருகினார். நாலு மூலைக்கும் நாலு முறை தூக்கல். அடுத்த அறை, அதற்கடுத்த அறை என்று அன்று முழுக்க இதே வேலை. இடுப்புவலிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, தலையணையைத் தட்டி நேராக்கினார். அன்றிலிருந்து, கிளம்பும் நாளில் பெட்ஷீட்டை உருவிக் குவித்து, துண்டுகளை ஒரே இடத்தில் போட்டு, குப்பையைக் கூடையில் சேர்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்தால் ஓர் அறைக்கு நாலைந்து முறை குனிவது மிச்சமாகும். குப்பையைப் பற்றி இன்னொன்று: சியோல் போகிறவர்கள் பல் துலக்கும் பிரஷை மறக்காமல் கொண்டுபோங்கள். 2024 மார்ச்சிலிருந்து 50 அறையோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டல்கள் அதை இலவசமாகக் கொடுக்கக் கூடாது என்று அங்கே சட்டம். குப்பையில் சேரும் பிளாஸ்டிக்கைக் குறைக்கும் நல்ல சட்டம்.

நம் வாசகர்களில் ஹோட்டல் வேலையில் இருப்பவர்கள் பலர் என்பது கடிதங்களிலிருந்து தெரிகிறது. தரமணி கேட்டரிங் கல்லூரியில் படித்துவிட்டு மாலத்தீவுக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள், சின்ன வயதில் மேசை துடைக்கச் சேர்ந்து இன்று கேப்டனாக இருப்பவர்கள், வீட்டைவிட்டு வந்து இரவு ஷிப்டில் லாண்டரி பார்க்கும் அம்மாக்கள். தங்கிப்போகிறவள் பார்த்ததை நான் எழுதிவிட்டேன். கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று நீங்கள் பார்ப்பதை எழுதுங்கள். எந்த விருந்தினர் வந்தால் மனசு நிறைகிறது, எவர் வந்தால் பயமாக இருக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை அறை, தீபாவளி அன்று எங்கே சாப்பிட்டீர்கள், எதுவானாலும் சரி. வேலை பார்க்கும் ஹோட்டலின் பெயர் வேண்டாம். ஊரும் ஷிப்டும் போதும். கையால் எழுதினால் போட்டோ எடுத்து அனுப்பலாம், எழுத்துப் பிழையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அடுத்த இரண்டு இதழ்களில் இதற்கென்று பக்கங்களை ஒதுக்கிவிட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்